வேதிப் பெயர்களின் முன்னொட்டுகள்: பிறப்பும் பொருளும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மீத், ஈத், ஆர்த்தோ, சிஸ், ஹைப்போ, பெர் என்று வேதிப் பெயர்களின் முன்னால் வந்து நிற்கும் துண்டுகளை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்பு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் நினைவில் நிறுத்துவது எளிதாகும். ஆனால் ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு முன்னொட்டின் வேர், அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதை மட்டுமே சொல்லும். அது இன்று எதைக் குறிக்கிறது என்பதைப் பெயரிடும் விதிதான் சொல்லும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதிலிருந்தே இங்குள்ள பெரும்பாலான கேள்விகள் எழுகின்றன.

முன்னொட்டு என்பது என்ன? தமிழில் அது உண்டா?

தனித்து நில்லாமல், ஒரு சொல்லின் முன்னால் சேர்ந்து அதன் பொருளை மாற்றும் உறுப்பே முன்னொட்டு. தமிழ் பெரும்பாலும் பின்னொட்டுகளால் இயங்கும் மொழி. வேற்றுமை உருபு, இடைநிலை, விகுதி ஆகிய எல்லாமே பகுதிக்குப் பின்னால்தான் வருகின்றன. அப்பக்கம், இப்பக்கம், எப்பக்கம் என்பவற்றில் உள்ள சுட்டெழுத்துகளும் வினா எழுத்தும் முன்னால் நிற்பது இதற்கு ஒரு முக்கியமான விலக்கு. அசுத்தம், உபநதி, பிரதிபலன் போன்ற சொற்களில் நாம் காணும் முன்னொட்டுகள் வடமொழி வழியாக வந்தவை. கிரேக்கமும் இலத்தீனும் சமஸ்கிருதத்தைப் போலவே இந்தோ-ஐரோப்பிய மொழிகள். முன்னொட்டுகளைத் தாராளமாகப் பயன்படுத்துபவை. வேதியியலின் முன்னொட்டுகளில் பெரும்பகுதி இவ்விரு மொழிகளிலிருந்து வந்தது. சிறுபகுதி அரபு, ஜெர்மன், சமஸ்கிருதம் ஆகியவற்றிலிருந்து வந்தது.

இந்த ஒழுங்கை யார் ஏற்படுத்தினார்கள்?

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஒரு பொருளின் பெயர் அதன் தோற்றத்தையோ, கிடைத்த இடத்தையோ, கண்டவரையோ ஒட்டி அமைந்தது. கந்தக அமிலத்துக்கு விட்ரியால் எண்ணெய் என்று பெயர். அது எண்ணெயே அல்ல. 1787இல் பிரான்சில் கித்தோன் த மொர்வோ, லவாசியே, பெர்தோலே, ஃபூர்க்ருவா ஆகிய நால்வரும் சேர்ந்து, பெயரே பொருளின் உட்கூறுகளைச் சொல்ல வேண்டும் என்ற அடிப்படையில் ஒரு பெயரிடல் முறையை வெளியிட்டார்கள். கரிமச் சேர்மங்களுக்கான பொது விதிகள் 1892இல் ஜெனீவாவில் கூடிய மாநாட்டில் உருவாயின. 1919இல் ஐயுபிஏசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் தொடங்கப்பட்ட பிறகு அந்தப் பொறுப்பு அதன் கைக்கு வந்தது.

ஐந்து கார்பனிலிருந்து பென்ட், ஹெக்ஸ் என்று எண்கள் வருகின்றன. முதல் நான்குக்கு மட்டும் ஏன் மீத், ஈத், புரோப், பியூட்?

விதி பிறப்பதற்கு முன்பே இந்த நான்கு பெயர்களும் பழக்கத்தில் ஊன்றிவிட்டன என்பதே சுருக்கமான விடை. ஆனால் ஒவ்வொன்றின் பின்னணியும் விரிவாகச் சொல்லத் தக்கது.

மரத்தைக் காற்றுப் படாமல் சூடாக்கினால் கிடைக்கும் வடிநீரில் ஒரு சாராயம் உண்டு. 1830களின் நடுவில் துமா, பெலிகோ என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதை ஆராய்ந்து, அதன் அடிப்படைக் கூறுக்கு மெத்திலீன் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் மெதி என்பது மது. ஹூலே என்பது மரம். மர மது என்ற இந்தப் பெயரிலிருந்து மெத்தில் பிரிந்தது. அதிலிருந்து மீத்தேன் வந்தது. ஹூலேயின் எச்சம் இல் என்ற ஈறாக இன்றும் பல தொகுதிகளின் (மூலக்கூறின் பகுதியாக வரும் அணுக்கூட்டங்களின்) பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈத் என்பது ஈதரிலிருந்து வந்தது. கிரேக்கர்கள் வானின் உச்சியில் ஒளிரும் தூய காற்றை ஐத்தேர் என்றார்கள். திறந்து வைத்தால் நொடியில் ஆவியாகிவிடும் நீர்மத்துக்கு அந்தப் பெயர் பொருந்திப் போயிற்று. 1834இல் லீபிக் அதனோடு ஹூலேயைச் சேர்த்து எத்தில் என்ற சொல்லை ஆக்கினார்.

புரோப் என்பது புரோப்பியானிக் அமிலத்தின் சுருக்கம். புரோட்டோஸ் என்றால் முதல். பியான் என்றால் கொழுப்பு. கொழுப்பு அமிலங்களுக்கு உரிய நடத்தையைக் காட்டும் அமிலங்களில் மிகச் சிறியது இதுதான். உப்பைக் கரைத்தால் இது நீரிலிருந்து பிரிந்து எண்ணெய்ப் படலமாக மேலே நிற்கும்; இதன் பொட்டாசியம் உப்பு சோப்பின் தன்மை கொண்டது. அதனால் துமா 1847இல் இதை முதல் கொழுப்பு என்றார். பியூட் என்பது வெண்ணெயைக் குறிக்கும் கிரேக்க, இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றத்துக்குக் காரணமான பியூட்டிரிக் அமிலத்தில் நான்கு கார்பன் அணுக்கள் உள்ளன. எனவே பியூட் என்பது நான்கின் அடையாளமாயிற்று.

இதை ஒழுங்குபடுத்த முயற்சி நடக்காமலில்லை. 1866இல் ஹோஃப்மன் மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன் என்ற மூன்றையும் ஏற்றுக்கொண்டு, நான்காவதற்கு இலத்தீன் எண்ணிலிருந்து குவார்ட்டேன் என்றும், அதற்கடுத்தவற்றுக்குக் குவின்ட்டேன், செக்ஸ்ட்டேன் என்றும் பெயர்களை முன்மொழிந்தார். நான்காவதில் வெண்ணெய் வென்றது. மேற்கொண்டு வந்தவற்றில் கிரேக்க எண்கள் வென்றன. இதே காரணத்தால்தான் எறும்பைக் குறிக்கும் ஃபார்மிக்கா என்ற இலத்தீன் சொல்லும், காடியைக் குறிக்கும் அசிட்டும் என்ற சொல்லும் ஃபார்மிக் அமிலத்திலும் அசிட்டிக் அமிலத்திலும் இன்றுவரை நிற்கின்றன. இன்றைய ஐயுபிஏசி விதிகளும் இவ்விரண்டையும் முதன்மைப் பெயர்களாகவே ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் மூன்று, நான்கு கார்பன் அமிலங்களுக்குப் புரோப்பனோயிக், பியூட்டனோயிக் என்ற முறைப் பெயர்களையே அவை முன்வைக்கின்றன.

பென்ட்டா, ஹெப்டா, ஆக்டா என்பவை பஞ்ச, சப்த, அஷ்ட போலவே ஒலிக்கின்றனவே. இது தற்செயலா?

தற்செயல் அல்ல. கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஒரே மூதாதை மொழியின் கிளைகள். பென்ட்டா–பஞ்ச, ஆக்டா–அஷ்ட, டெக்கா–தச ஆகியவை உடன்பிறந்த சொற்கள். சொல்லின் முதலில் இருந்த ஸகரத்தைக் கிரேக்கம் ஹகரமாக்கிவிட்டது என்ற ஒரே விதியை மனத்தில் வைத்தால் இன்னும் பல இணைகள் தெளிவாகும். சமஸ்கிருதத்தின் சப்தவும் இலத்தீனின் செப்டெமும் கிரேக்கத்தில் ஹெப்டா ஆயின. இலத்தீனின் செமி கிரேக்கத்தில் ஹெமி. சமமானது என்ற பொருளுடைய சம என்பதற்கு உறவானது ஹோமோ. எண்ணுக்கு அப்பாலும் இந்த உறவு தொடர்கிறது: ஹைப்பருக்கு உபரி, ஹைப்போவுக்கு உப, பெரிக்குப் பரி, புரோவுக்குப் பிர. நீரற்றது என்ற பொருளில் வரும் அன்ஹைட்ரஸ் என்ற சொல்லில் உள்ள அன், அநாதியில் உள்ள அன் தான்.

ஒலி ஒத்தால் உறவு உண்டு என்று மட்டும் முடிவு செய்யக் கூடாது. தமிழின் எட்டும் ஆங்கிலத்தின் எய்ட்டும் ஒத்து ஒலித்தாலும் அவற்றுக்கு உறவில்லை. முன்னது திராவிடச் சொல். சொற்பிறப்பில் ஆர்வம் உள்ளவர்கள் மிக எளிதாகத் தடுக்கி விழும் இடம் இது.

எண் முன்னொட்டுகளில் மொழிக் கலப்பும் உண்டு. ஒன்பதுக்குக் கிரேக்கத்தில் என்னேயா. ஆனால் வேதியியலில் வழங்குவது இலத்தீனின் நோனா. பதினொன்றுக்கு வரும் அன்டெக் இலத்தீன். பன்னிரண்டுக்கு வரும் டோடெக் கிரேக்கம்.

பென்சீன் வளையத்துக்குப் பென்சில், ஃபீனைல் என்று இரண்டு பெயர்கள் ஏன்?

இவை ஒரே தொகுதியின் இரு பெயர்கள் அல்ல. ஃபீனைலில் ஆறு கார்பன்கள், பென்சிலில் ஏழு. இந்த வேறுபாட்டின் காரணம் அவற்றின் பிறப்பிலேயே இருக்கிறது.

சுமத்திராவிலிருந்து வந்த சாம்பிராணியை அரபு வணிகர்கள் லுபான் ஜாவி, அதாவது ஜாவாவின் நறும்பிசின் என்றார்கள். ஐரோப்பிய மொழிகளில் நுழைந்தபோது, முதலில் நின்ற லு என்ற அசையை அங்குள்ளோர் பெயர்முன் வரும் சுட்டாக எண்ணிக் கழித்துவிட்டார்கள். எஞ்சியது பென்ஜாய் என்றும் பென்சாயின் என்றும் திரிந்தது. அந்தப் பிசினைச் சூடாக்கிப் பதங்கமாக்கிய அமிலம் பென்சாயிக் அமிலம். அதில் ஏழு கார்பன்கள். ஜெர்மானியரான மிட்ஷர்லிக் 1830களில் இந்த அமிலத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்து வடித்து, ஒரு கார்பன் குறைந்த நீர்மத்தைப் பெற்றார். அதற்கு பென்சின் என்று பெயரிட்டார். அமிலத்தின் ஏழு கார்பன்களோடு தொடர்புடையதாகவே பென்சில் என்ற தொகுதிப் பெயர் நிலைத்தது.

இதே நீர்மத்தை ஃபாரடே 1825இலேயே, விளக்கெரிக்கும் வாயுவைத் தயாரிக்கும்போது தேங்கிய எண்ணெய்க் கசட்டிலிருந்து பிரித்திருந்தார். அந்த ஒளியை நினைவில் கொண்டு, ஒளிர்தல் என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து லொரான் 1836இல் ஃபேன் என்ற பெயரை முன்மொழிந்தார். சேர்மத்தின் பெயராக அது நிலைக்கவில்லை. ஆனால் ஆறு கார்பன் வளையத்தின் தொகுதிப் பெயரான ஃபீனைலிலும், ஃபீனாலிலும் அது இன்றும் வாழ்கிறது. பிசினின் வழி வந்தது ஏழு, விளக்கின் வழி வந்தது ஆறு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வேரின் பொருளை நம்பினால் தவறாகப் போகும் முன்னொட்டுகள் எவை?

முதலில் சொல்ல வேண்டியது ஆக்சி. கிரேக்கத்தில் ஆக்சிஸ் என்றால் கூர்மை, புளிப்பு. அமிலங்கள் அனைத்திலும் ஆக்சிஜன் உண்டு என்று லவாசியே நம்பியதால் அமிலத்தைப் பிறப்பிப்பது என்ற பொருளில் அந்தப் பெயரை வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை. குளோரின் ஒரு தனிமம் என்று 1810இல் டேவி எடுத்துரைத்தபோதே அந்தக் கொள்கை ஆட்டம் கண்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

நைட்ரஜனுக்கு லவாசியே குழுவினர் வைத்த பெயர் அசோட், அதாவது உயிரற்றது. அந்த வாயுவில் மட்டும் வைத்தால் விலங்குகள் இறந்துவிடும் என்பதே காரணம். அசோ, டையசோ, ஹைட்ரசீன் ஆகியவற்றில் அந்தச் சொல் இருக்கிறது. புரதத்தின் ஒவ்வொரு கண்ணியிலும் நைட்ரஜன் இருப்பதை அறிந்த நமக்கு அந்தப் பொருள் சிறிதும் பொருந்தாது. அமைல் என்பதன் கதை இன்னும் வியப்பானது. ஆலையில் அரைக்கப்படாதது என்ற பொருளுடைய அமிலோன் என்ற கிரேக்கச் சொல் மாவுச்சத்தைக் குறித்தது. மாவுப் பொருள்களைப் புளிக்கவைத்து வடிக்கும்போது கிடைத்த ஒரு ஆல்கஹாலுக்கு அமைல் ஆல்கஹால் என்று பெயர் வந்தது. அதில் இருந்த ஐந்து கார்பன் தொகுதியே அமைல் ஆயிற்று. அதில் மாவுச்சத்து துளியும் இல்லை. நொதியான அமைலேசில் மட்டும் பழைய பொருள் அப்படியே நிற்கிறது.

ஆல்டிஹைடில் உள்ள ஆல் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். ஹைட்ரஜன் நீக்கப்பட்ட ஆல்கஹால் என்ற இலத்தீன் தொடரை லீபிக் 1835இல் சுருக்கி ஆல்டிஹைடு ஆக்கினார். அந்த ஆல், அல்-குஹ்ல் என்பதில் பெயருக்கு முன் வரும் அரபுச் சுட்டு மட்டுமே. ஆல்கலியில் இருப்பதும் அதே சுட்டுதான்.

ஆர்த்தோ, மெட்டா, பாரா: பாஸ்பாரிக் அமிலத்தில் ஒரு பொருள், பென்சீனில் வேறு பொருள் என்று ஏன் மாறுகிறது?

ஆர்த்தோ என்றால் நேரானது, மெட்டா என்றால் பின்னது அல்லது மாறியது, பாரா என்றால் அருகே அல்லது அப்பால். இச்சொற்கள் இரு வேறு தேவைகளுக்காக இருமுறை எடுத்தாளப்பட்டன.

முதலில் கனிம வேதியியல். 1827இல் கிளார்க் சோடியம் பாஸ்பேட்டைக் கடுமையாகச் சூடாக்கியபோது அது வேறொரு உப்பாக மாறியது. தீயில் பிறந்ததால் பைரோ என்ற முன்னொட்டைப் பெற்றது. 1833இல் கிரஹாம் நீர் இன்னும் குறைந்த மற்றொரு வடிவத்துக்கு மெட்டா என்று பெயரிட்டார். நீர் முழுமையாக உள்ள வடிவத்துக்குப் பின்னர் ஆர்த்தோ என்ற பெயர் அமைந்தது. ஆர்த்தோ பாஸ்பாரிக் அமிலத்தின் இரு மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறை இழந்தால் பைரோ. ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு நீர் மூலக்கூறை இழந்தால் மெட்டா. ஆகவே இங்கே முன்னொட்டு சொல்வது நீரின் அளவு.

பென்சீனில் அது சொல்வது இடம். 1860களில் கெர்னர் முதலானோர், இரு பதிலீடுகள் (ஹைட்ரஜனுக்குப் பதிலாக அமர்ந்த தொகுதிகள்) உள்ள பென்சீன் சேர்மங்களின் மூன்று மாற்றியங்களை, அதாவது ஒரே வாய்பாடும் வேறு அமைப்பும் கொண்ட வடிவங்களைப் பிரித்துக் காட்ட இதே மூன்று சொற்களைக் கையாண்டார்கள். இன்று ஆர்த்தோ என்றால் அடுத்தடுத்த கார்பன்கள், மெட்டா என்றால் ஒன்று விட்டு ஒன்று, பாரா என்றால் நேர் எதிர். கிரேக்கப் பொருளிலிருந்து இந்த இடங்களை வருவிக்க முயல்வது வீண் வேலை.

இந்த இட வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதற்கு, இரு மெத்தில் தொகுதிகள் கொண்ட பென்சீனான சைலீனை எடுத்துக்கொள்வோம். மூன்று சைலீன்களுக்கும் ஒரே மூலக்கூறு வாய்பாடு, கொதிநிலைகளும் நெருங்கியவை. ஆனால் உறைநிலையைப் பாருங்கள்: மெட்டா சுமார் −48 டிகிரி செல்சியசிலும், ஆர்த்தோ சுமார் −25 டிகிரியிலும், பாரா 13 டிகிரியிலும் உறைகின்றன. நேர் எதிரே இரு மெத்தில்களும் அமைந்த பாரா மூலக்கூறு படிகத்தில் நெருக்கமாக அடுக்கப்படுகிறது. பாலியஸ்டர் தயாரிப்புக்கு வேண்டியது பாரா சைலீன் மட்டுமே; கலவையைக் குளிர்வித்து அதை மட்டும் படிகமாக்கிப் பிரிப்பது இந்த வேறுபாட்டால்தான் இயலுகிறது. இன்றைய விதிகள் இம்மூன்று சொற்களுக்குப் பதிலாக 1,2, 1,3, 1,4 என்ற எண்களையே முதன்மைப் பெயர்களில் கோருகின்றன. ஆய்வகப் பேச்சில் பழைய சொற்கள் மறையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சிஸ், டிரான்ஸ் இருக்கும்போது இ, இசட் எதற்கு?

சிஸ் என்றால் இப்புறம், டிரான்ஸ் என்றால் அப்புறம், இரண்டும் இலத்தீன். ஆல்ப்ஸ் மலைக்கு இப்பால், அப்பால் இருந்த நிலப்பகுதிகளை ரோமானியர்கள் இச்சொற்களாலேயே பிரித்தழைத்தார்கள். இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் இரு கார்பாக்சில் தொகுதிகள் இருந்தால் மலேயிக் அமிலம். எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் ஃபியூமாரிக் அமிலம். முன்னதைச் சூடாக்கினால் பக்கத்தில் நிற்கும் இரு தொகுதிகளும் நீரை இழந்து எளிதில் வளையமாகிவிடும். பின்னதில் அவை எட்டாத் தொலைவில் இருப்பதால் அது எளிதில் நடப்பதில்லை. சிஸ்பிளாட்டின் புற்றுநோய் மருந்தாகப் பயன்பட, அதன் டிரான்ஸ் வடிவம் அவ்வாறு பயன்படாமல் போனதும் வடிவ வேறுபாட்டின் விளைவே.

பிணைப்பின் இரு முனைகளிலும் நான்கு வெவ்வேறு தொகுதிகள் இருந்தால் எதை எதனோடு ஒப்பிட்டுப் பக்கம் சொல்வது? இதற்காக அணு எண்ணின் அடிப்படையில் முன்னுரிமை வகுத்து, உயர்ந்தவை இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் இசட், எதிரெதிரே இருந்தால் இ என்றார்கள். சேர்ந்து, எதிராக என்று பொருள்படும் சுசாமன், என்ட்கேகன் என்ற ஜெர்மன் சொற்களின் முதல் எழுத்துகள் அவை. சிஸ் எல்லா இடத்திலும் இசட் ஆகிவிடாது என்பதை மறக்கக் கூடாது.

டி-ஃபிரக்டோஸ் ஒளியை ஏன் இடப்புறம் திருப்புகிறது?

டெக்ஸ்டர் என்றால் வலது, லேவஸ் என்றால் இடது. இவற்றிலிருந்தே டெக்ஸ்ட்ரோ, லீவோ என்ற முன்னொட்டுகள் தளவிளைவுற்ற ஒளி (ஒரே தளத்தில் அதிரும் ஒளி) திரும்பும் திசையைக் குறிக்க வந்தன. குளுக்கோசுக்கு டெக்ஸ்ட்ரோஸ் என்றும் ஃபிரக்டோசுக்கு லெவுலோஸ் என்றும் பெயர்கள் உண்டானது இதனால்தான். ஆனால் டி, எல் என்ற பெரிய எழுத்துகள் இன்று கிளிசரால்டிஹைடு என்ற எளிய சர்க்கரையோடு ஒப்பிட்ட அமைப்பைக் குறிக்கின்றனவே தவிர, திசையை அல்ல. திசையைக் காட்டக் கூட்டல், கழித்தல் குறிகள் உள்ளன. எனவே டி-ஃபிரக்டோஸ் இடப்புறம் திருப்புவதிலோ, எல்-லாக்டிக் அமிலம் வலப்புறம் திருப்புவதிலோ எந்த முரணும் இல்லை. கான், இங்கோல்டு, பிரெலோக் என்ற வேதியியலாளர்கள் வகுத்த ஆர், எஸ் என்பவையும் ரெக்டஸ், சினிஸ்டர் என்ற இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகளே. அவையும் அமைப்பைத்தான் சொல்கின்றன.

பெர்குளோரேட்டும் பெராக்சைடும் ஒரே பெர் தானா?

வேர் ஒன்றே, இன்றைய பொருள் வேறு. இலத்தீனில் பெர் என்றால் ஊடாக, முற்றிலும். கிரேக்கத்தில் ஹைப்போ என்றால் கீழே. ஹைப்போகுளோரஸ், குளோரஸ், குளோரிக், பெர்குளோரிக் என்ற நான்கு அமிலங்களில் குளோரினின் ஆக்சிஜனேற்ற எண் முறையே 1, 3, 5, 7. வரிசையின் கீழ்ப்படிக்கு ஹைப்போவும் மேற்படிக்குப் பெர்ரும் வருகின்றன. பெர்மாங்கனேட்டில் மாங்கனீசின் எண் 7 ஆவதும் இப்படியே.

பெராக்சைடு என்ற சொல்லும் 1804இல் தாமஸ் தாம்சன் அதை ஆக்கியபோது, ஓர் உலோகம் உருவாக்கும் ஆக்சைடுகளில் ஆக்சிஜன் மிகுந்ததையே குறித்தது. காலப்போக்கில் அது இரு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்த அமைப்புக்கு உரியதாகச் சுருங்கிவிட்டது. பெர்குளோரேட்டில் அத்தகைய பிணைப்பு இல்லை. பெயரில் பெர்ரைக் கண்டதும் ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்பை வரைந்துவிடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

சோடியம் பைகார்பனேட்டில் எதுவுமே இரண்டாக இல்லையே, பிறகு பை எதற்கு?

இருப்பது இரண்டல்ல, இருமடங்கு. சலவைச் சோடாவில் இரண்டு சோடியத்துக்கு ஒரு கார்பனேட். பைகார்பனேட்டில் ஒரு சோடியத்துக்கே ஒன்று. அதாவது சோடியத்தின் அளவை ஒப்பிட்டால் கார்பன் டைஆக்சைடு இருமடங்கு. வாய்பாடுகள் தெளிவாவதற்கு முன், எடை விகிதத்தை மட்டும் அறிந்திருந்த காலத்தின் பெயர் அது. இன்றைய முறைப்படி அது ஹைட்ரஜன் கார்பனேட்.

டை, பிஸ் ஆகிய இரண்டின் வேறுபாடு எளிது. டை என்பது இரண்டு. பிஸ் என்பது இருமுறை. அடைப்புக்குள் வரும் தொகுதியின் பெயரிலேயே ஏற்கெனவே டை, டிரை போன்றவை இருந்தால் குழப்பம் தவிர்க்க வெளியே பிஸ், டிரிஸ், டெட்ராகிஸ் வருகின்றன. செஸ்குவி என்றால் ஒன்றரை: செஸ்குவிடெர்ப்பீனில் 15 கார்பன்கள், டெர்ப்பீனின் 10 கார்பன்களைப் போல ஒன்றரை மடங்கு. ஹெமி என்றால் அரை. பாரிஸ் சாந்து ஒரு ஹெமிஹைட்ரேட், அதாவது ஒரு கால்சியம் சல்ஃபேட்டுக்கு அரை நீர் மூலக்கூறு.

வேதியியலில் சமஸ்கிருத முன்னொட்டு வந்ததுண்டா?

உண்டு. மெண்டெலீவ் தம் அட்டவணையில் காலியாக விட்ட இடங்களுக்கு, மேலே உள்ள தனிமத்தின் பெயரோடு ஏக என்பதைச் சேர்த்துத் தற்காலிகப் பெயர் வைத்தார். ஏக-அலுமினியம் 1875இல் காலியமாகவும், ஏக-போரான் 1879இல் ஸ்காண்டியமாகவும், ஏக-சிலிக்கான் 1886இல் ஜெர்மானியமாகவும் கண்டறியப்பட்டன. இரண்டு இடம் தள்ளியிருந்தால் துவி. துவி-மாங்கனீஸ் என்பது பின்னர் வந்த ரீனியம்.

இன்று தற்காலிகப் பெயர்களுக்கு 1978இல் ஐயுபிஏசி வகுத்த முறை உள்ளது. நில், அன், பை, டிரை, குவாட், பென்ட், ஹெக்ஸ், செப்ட், ஆக்ட், என் என்று 0 முதல் 9 வரையிலான இலக்கங்களுக்குப் பெயர்கள். கிரேக்கமும் இலத்தீனும் இதில் கலந்திருப்பதற்குத் தக்க காரணம் உண்டு: ஒவ்வொரு இலக்கத்தின் முதலெழுத்தும் வேறுபட்டால்தான் மூன்றெழுத்துக் குறியீடு குழப்பமின்றி அமையும். ஆறுக்கு ஹெக்ஸ் என்று கிரேக்கத்தை எடுத்த பின் ஏழுக்கு ஹெப்ட் எடுக்க முடியாது. எனவே இலத்தீனின் செப்ட். 117ஆம் தனிமம் 2016இல் டென்னசீன் என்று பெயர் பெறும்வரை உனுன்செப்டியமாக இருந்தது.

அகரவரிசைப்படுத்தும்போது எந்த முன்னொட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும்?

இது ஆங்கில எழுத்து வரிசையை ஒட்டிய விதி. எத்தனை என்று மட்டும் சொல்லும் டை, டிரை, டெட்ரா ஆகியவற்றையும், இடைக்கோட்டுடன் எழுதப்படும் செக், டெர்ட் ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டும். ஐசோ, நியோ, சைக்ளோ ஆகியவை பெயரின் பகுதியாகவே ஒட்டி எழுதப்படுவதால் அவற்றைச் சேர்த்தே வரிசைப்படுத்த வேண்டும். அதனால்தான் 3-எத்தில்-2,2-டைமெத்தில்பென்ட்டேன் என்பதில் எத்தில் முந்துகிறது. அங்கே ஒப்பிடப்படுபவை எத்திலின் இ, மெத்திலின் எம் என்ற எழுத்துகள்தான், டையின் டி அல்ல.